மூக்கில் 'சதை வளர்ச்சி'யா? லீவில் ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வராதீர்கள்

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நம் ஆட்களில் பலருக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது. சுவருக்குச் சுவர் கார்ப்பெட், குளிருக்குப் பயந்து திறக்காத ஜன்னல், ராத்திரி முழுக்க ஹீட்டர். அலர்ஜியைக் கிளப்பும் தூசிப் பூச்சி பெருக இதைவிடத் தோதான இடம் கிடையாது. தஞ்சாவூரில் வருடத்துக்கு இரண்டு முறை வந்து போன அடைப்பு, எனக்கு இங்கே மூன்றே மாதத்தில் நிரந்தரமாகிவிட்டது. வாயைத் திறந்தபடி தூங்கி, விடிகாலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுவேன்.

செய்ய வேண்டியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 1,035 பவுண்டு (மாணவர் என்றால் 776) ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம், பெரும்பாலும் கட்டித்தான் வந்திருப்பீர்கள். அதனால் கூச்சப்படாமல், வந்த வாரமே பக்கத்து ஜிபியில் (எதற்கும் முதலில் பார்க்க வேண்டிய குடும்ப டாக்டர்) பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் விதி. ஊரில் போல ஈஎன்டி டாக்டரிடம் நேரே டோக்கன் போட்டு உட்கார முடியாது. ஜிபி எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் முதலில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும்தான் சொல்வார். அலட்சியம் செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதுதான் சரியான வரிசை. அந்த ஸ்ப்ரே முழுதாக வேலை செய்யச் சில வாரம் ஆகும். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு, தலை லேசாகக் குனிந்து, நடுத்தண்டில் படாமல் அடிக்க வேண்டும். கழுவக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். இதில் அடங்காவிட்டால் ஈஎன்டிக்கு அனுப்புவார்கள். எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 18 வாரத்துக்குள் சிகிச்சை என்பது இலக்கு. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.

இன்னொன்று. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் ஓட்ரிவின், நாசிவியான் சொட்டு மருந்து. சில நாளுக்கு மேல் தொடர்ந்து மூக்கில் விட்டுக்கொண்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். நான் எட்டு மாதம் விட்டுக்கொண்டேன். தலையணைக்கு அடியில் பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது. அதை நிறுத்தாதவரை, உங்கள் மூக்கு உண்மையில் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று எந்த டாக்டராலும் சரியாகச் சொல்ல முடியாது.

இனி எனக்கு நடந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல், மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை டாக்டர், அன்று மாலையே ஸ்கேன், வியாழக்கிழமை ஆபரேஷன். "சதை வளர்ந்திருக்கு, எடுத்துடலாம்" என்றார்கள். எவ்வளவு வேகம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த 'சதை' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. பாலிப் என்பது புதிதாக முளைக்கும் கட்டி. டர்பினேட் அப்படியல்ல; அது மூக்கின் உள்பக்கச் சுவரில் இருக்கும் சதை மூடிய எலும்பு மடிப்பு, எல்லோருக்கும் பிறவியிலேயே பக்கத்துக்கு மூன்று இருக்கிறது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி நீக்கி நுரையீரலுக்கு அனுப்புவது அதுதான். அது வீங்குவதும் வற்றுவதும் இயல்பு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி அடைப்பதுகூட இயற்கைதான். அலர்ஜியில் கீழ் டர்பினேட் வீங்கியபடியே நின்றுவிடும்போதுதான் தொல்லை. அதற்கு ரேடியோ அலையாலோ சிறு கருவியாலோ உள்சதையைச் சுருக்கி, மேல்தோலை விட்டுவைக்கும் முறைகள் இருக்கின்றன. அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் மூக்கு காலியாக இருந்தும் மூச்சு முட்டுவதுபோல் தோன்றும் நிலை சிலருக்கு வரும். 'எம்ப்டி நோஸ் சிண்ட்ரோம்' என்று 1990களில் அதற்குப் பெயரே வைத்தார்கள். வெட்டியதைத் திரும்ப வளர்க்க வழியில்லை. பாலிப்பா, டர்பினேட்டா என்று கூட நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் விமானம் ஏறினேன். இரண்டு வாரமாவது பறக்காமலிருப்பது நல்லது. பக்கு கட்டியிருக்கும், புண் ஆறியிருக்காது, விமானத்துக்குள் காற்றோ ஈரமே இல்லாமல் காய்ந்திருக்கும். நான்காவது மணி நேரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்ட ஆரம்பித்தது. பணிப்பெண் கொடுத்த பேப்பர் டவல் ஒவ்வொன்றாகச் சிவந்தது. பக்கத்து சீட் அம்மா என் தலையை நிமிர்த்திப் பிடித்தார். அப்படிச் செய்யாதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை விடாமல் பத்து, பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்காவிட்டால் அவசர சிகிச்சை.

இறங்கியதும் அவசரப் பிரிவுக்குப் போனேன். நன்றாகவே பார்த்தார்கள், ரத்தம் நின்றது. ஆனால் அந்த டாக்டர் கேட்ட ஒரே கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "எவ்வளவு எடுத்தார்கள், எந்த முறையில்?" என் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனின் பெயர் ஒரே வரியில் இருந்தது. ஸ்கேன் சிடி தஞ்சாவூர் பீரோவில். அந்தக் குளிர்காலம் முழுக்க மூக்குக்குள் பக்கு, எரிச்சல், பாதி நாள் வாசனையே தெரியாது. அம்மா போனில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நொச்சிக்கு எங்கே போவேன். மிளகு ரசம் வைத்து முகத்தருகே வைத்துக்கொண்டு, வாசனை வராமல் அழுதிருக்கிறேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கே செய்துகொண்டாலும் சரி, முன்னதாகக் கேளுங்கள்: எந்த டர்பினேட், சுருக்குவதா வெட்டுவதா, மேல்தோல் மிஞ்சுமா, எத்தனை முறை திரும்ப வந்து காட்ட வேண்டும். ஆபரேஷன் நோட்ஸ் முழுவதையும், ஸ்கேனையும் கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள். ஊரில்தான் என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் அங்கே தங்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் இங்கேயே வரிசையில் நில்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அலர்ஜி இருக்கும், ஸ்ப்ரே தொடர வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியில் அண்ணன்தான் லீவு போட்டு இரண்டு பஸ் மாறி, மூன்று முறை அலைந்து, என் ஆபரேஷன் நோட்ஸை வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இங்குள்ள ஈஎன்டி டாக்டர் என் போனைப் பெரிதாக்கி வரி வரியாகப் படித்தார். வலது பக்கம் கீழ் டர்பினேட்டின் முன்பகுதியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள், இடது பக்கம் சுருக்கியதோடு சரி, மீதி நன்றாக இருக்கிறது என்றார். படுக்கும்போது உப்புநீர் ஜெல், ஹீட்டரைக் குறைத்து அறையில் ஈரம், காலையில் கழுவல் என்று எழுதிக்கொடுத்தார். அன்றைக்கு ராத்திரிதான், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, பயமில்லாமல் தூங்கினேன்.