மகரந்த ஒவ்வாமையா? நாயின் பாதத்தைக் கவனியுங்கள்

மகரந்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நமக்குத் தும்மல். நாய்க்கோ பெரும்பாலும் தோலில்தான் அரிப்பு. பாதத்தை ஓயாமல் நக்கும், காதைச் சொறியும், அக்குளும் அடிவயிறும் சிவக்கும். மழைக்குப் பின் காலிமனைகளில் பார்த்தீனியம் பூக்கும் நாட்களில் ஆண்டுதோறும் இது திரும்பினால் மகரந்தத்தைச் சந்தேகியுங்கள். அதற்கு முன் முடியை விலக்கி உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றாலும் இதே அரிப்பு வரும்.

வெளியே போய் வந்ததும் அகலமான பாத்திரத்தில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு காலையும் அரை நிமிடம் அலசுங்கள். வயிறு, முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பலர் விட்டுவிடுவது இதற்கு அடுத்த வேலையைத்தான்: விரலிடுக்குகளை உலர்ந்த துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து அரிப்பு இன்னும் மோசமாகும்.

வாரம் ஒருமுறை குளிப்பாட்டலாம். வெந்நீர் வேண்டாம், அரிப்பைக் கூட்டும். நாய்களுக்கான ஷாம்பு 10 நிமிடம் தோலில் ஊறட்டும். பிறகு நுரை மிச்சமில்லாமல் அலசுங்கள்.

நம் சளி மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மூக்கடைப்பு மருந்தான சூடோஎபிட்ரின் கலந்தது நாயின் உயிருக்கே ஆபத்து. காதில் நாற்றம், தோலில் சீழ், முடி உதிர்ந்த திட்டு தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.