ரப்பர் சிரட்டையில் டெங்கு கொசு: வாரம் ஒரு நாள் செய்ய வேண்டிய வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கடையாலுமூடு பக்கம் வீடும் ரப்பர் தோட்டமும் ஒட்டித்தான் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுவிடும். பால் பிடிக்க மரத்தில் மாட்டிய சிரட்டையோ (தேங்காய் ஓடு) வாய் திறந்தபடியே கிடக்கும். ஏக்கருக்கு 180 மரம் என்றால் 180 சிரட்டை மழைத்தண்ணீர். நிழல், தெளிந்த நீர், பக்கத்திலேயே மனிதர்கள்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் ஜூன் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை விடாமல் செய்ய வேண்டும்.

முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழு கொசுவாக மாறாது. ஒரு கிழமையை முடிவு செய்து, அதே கிழமையில் செய்யுங்கள். டார்ச், தேங்காய் நார், சாக்கு, கொசுவலைத் துணி, கட்டுக்கயிறு போதும்.

1. முதலில் தோட்டம்

ஒன்றுவிட்டு ஒரு நாள் பால் வெட்டும் மரத்தில் பயம் குறைவு. சிரட்டை அடிக்கடி காலியாகிவிடும். வெட்டு நிற்கப் போகிறது என்று தெரிந்த அன்றே சிரட்டைகளைக் கவிழ்த்துவிடுங்கள். கம்பியில் கவிழ்த்து நிற்கவில்லை என்றால் கழற்றி, சாக்கில் கட்டி, கூரைக்கு அடியில் வைக்கலாம்.

பலர் தவறவிடுவது கீழே கிடப்பவற்றைத்தான். உடைந்த சிரட்டை, இலைக்குள் பாதி புதைந்த பிளாஸ்டிக் கப், இளநீர்த் தொண்டு, பாக்கு மட்டை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மழைக்கு மரத்தில் ஒட்டிய பிளாஸ்டிக்கின் மடிப்பிலும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். மரப்பொந்து இருந்தால் மணல் போட்டு அடைக்கவும். இடையில் அன்னாசி நட்டிருந்தால் அதன் இலைக்கணுவில் தேங்கும் தண்ணீரிலும் கொசு வளரும்; வீட்டுப் பக்கம் அன்னாசியை நெருக்கமாக நடாமல் இருப்பது நல்லது.

தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றினால் புழு பிழைத்துக்கொள்ளும்.

2. வீட்டைச் சுற்றி

டார்ச் அடித்துப் பார்த்தால் நெளிந்து கீழே இறங்கும் சிறு புழுக்கள் தெரியும். பிரிட்ஜின் பின் தட்டு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மொட்டை மாடியில் தார்ப்பாய்ச் சுருக்கம், ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில் அடுக்கிய தட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

3. தேய்க்காமல் விட்டால் பாதி வேலைதான்

தொட்டியை வாரம் தவறாமல் காலி செய்தும் சில வீடுகளில் புழு திரும்பத் திரும்ப வரும். ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை வெளியே மண்ணில் கொட்டுங்கள். அதன் பிறகு மூடி போட்டு, இடைவெளி இருந்தால் துணி கட்டுங்கள். துணி குழிந்து தொங்கினால் அந்தக் குழியிலேயே மழைநீர் தேங்கும், இழுத்துக் கட்டவும். மேல்நிலைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயிலும் வலை வேண்டும். காலி செய்ய முடியாத தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைச் சுகாதாரப் பணியாளரைக் கொண்டே போடச் சொல்லுங்கள், அளவு முக்கியம். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், சிரட்டையில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

இந்தக் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் அந்தி நேரத்திலும் அதிகம். பால் வெட்டப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் முழு பேண்ட்டும் போடுவது அவசியம்.

4. காய்ச்சல் வந்துவிட்டால்

பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மி.கி., 6 மணி நேர இடைவெளியில்; குழந்தைக்கு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவு. உடம்பு வலிக்கு என்று கடையில் கேட்டு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டெங்குவா என்று அறிய இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: காய்ச்சலின் முதல் 5 நாளுக்குள் என்றால் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனை. நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் பின்னால் வீட்டில் மற்றவர்களுக்கும் நோயைப் பரப்பும்.

கஞ்சித்தண்ணீர், இளநீர், ஓஆர்எஸ் என்று நாள் முழுக்கக் கொடுங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும். 200 மி.லி.க்கான சிறு பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். சிவப்பு, காப்பி நிறப் பானங்கள் வேண்டாம்; வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரியாது.

நான்காம், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும். குணமாகிவிட்டது என்று நினைத்து வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்: இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் இறங்கிய பின் 24 முதல் 48 மணி நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுதல், தூங்கி வழிதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். முந்தைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். தட்டணுவும் இரத்த அடர்த்தியும் நாளுக்கு நாள் எப்படி மாறியது என்பதைப் பார்த்துத்தான் அங்கே சிகிச்சையை முடிவு செய்வார்கள்.