மெட்ராஸ் வார் செமட்ரி: ஒரு பெயரைத் தேடிப் போவது எப்படி?

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கிறது மெட்ராஸ் வார் செமட்ரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறந்த வீரர்களின் கல்லறைகள் தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்தன. அங்கெல்லாம் நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லாததால், 1952-ல் இந்த இடத்தை அமைத்து உடல்களை இங்கே கொண்டுவந்தார்கள். இன்று 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. வெறுமனே சுற்றிவந்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஒரே ஒரு பெயரையாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

படி 1: வீட்டிலேயே தேடுங்கள்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர்களை இலவசமாகத் தேடலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் பணியில் இருந்தபோது இறந்தவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள். போர்முனையில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சலிலோ விபத்திலோ இறந்தவர்களும் உண்டு.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போதுதான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ‘சாமி’ என்ற முடிவை மட்டுமே மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். எழுத்துக்கூட்டலை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பழைய மெடலோ பென்ஷன் தாளோ வீட்டில் இருந்தால் அதிலுள்ள படை எண்ணைப் போட்டுத் தேடுவது இன்னும் நல்லது. ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தால், கூடுதல் விவரத்தில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்புமுன் இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மதராஸ் படையில் இருந்தவர் என்பதற்காக அவர் பெயர் சென்னையில்தான் இருக்கும் என்றில்லை. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்து, தனிக் கல்லறை இல்லாதவரை பாஸ்ரா நினைவகத்திலும், பர்மாவில் இறந்தவரை ரங்கூன் அருகே தௌக்யானிலும், மலேயாவில் இறந்தவரைச் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் தேட வேண்டியிருக்கும். தகனம் செய்யப்பட்ட வீரர்களுக்குப் பெரும்பாலும் கல்லறைக் கல் இருக்காது, நினைவகத்தில் பெயர்தான் இருக்கும்.

படி 2: குறிப்பெண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

‘4. ஏ. 12’ என்பதுபோல வந்தால் முதலில் பிளாட் (கல்லறைகளின் பகுதி), அடுத்து வரிசை, கடைசியில் கல்லறை எண். ‘ஃபேஸ்’ என்று போட்டு ஒரு எண் வந்தால் அது கல்லறை அல்ல. இதே வளாகத்தில் உள்ள முதல் உலகப்போர் நினைவகத்தில் எந்தப் பக்கத்தில் பெயர் பொறித்திருக்கிறது என்பதைக் குறிக்கும் எண் அது.

படி 3: போய்ச் சேருவது

ஆட்டோவில் ஏறி “போர் நினைவுச் சின்னம்” என்று சொன்னால் நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அது வேறு. “நந்தம்பாக்கம் வார் செமட்ரி” என்று சொல்லுங்கள். பரங்கிமலையிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர், விமான நிலையத்திலிருந்து 5, சென்ட்ரலிலிருந்து 14. பேருந்து என்றால் கிண்டியிலிருந்து மவுண்ட்-பூந்தமல்லி சாலை வழியாகப் போரூர், பூந்தமல்லி போவதில் ஏறலாம். திறந்திருக்கும் நேரத்தை முந்தைய நாளே ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.

படி 4: கல்லைப் படிப்பது

மேலே படைப்பிரிவின் சின்னம் இருக்கும். மேப்பிள் இலை என்றால் கனடா, உதிக்கும் சூரியன் என்றால் ஆஸ்திரேலியா, பெரணி இலை என்றால் நியூசிலாந்து. அதற்குக் கீழே படை எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி, வயது. எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் அவர் அதிகாரி. வயது இல்லாவிட்டால் குடும்பத்திடமிருந்து தகவல் வரவில்லை என்று கொள்ளலாம். அடியில் ஒரு வரி இருந்தால் நின்று படியுங்கள், குடும்பத்தார் தேர்ந்தெடுத்து அனுப்பிய சொற்கள் அவை. கல்லின் அளவு அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒன்றுதான். 1917-ல் தொடங்கிய ஆணையம் தன் ஆரம்ப காலத்திலேயே வகுத்த கொள்கை அது.

படி 5: பின்பக்கம் வரை போங்கள்

பெருஞ்சிலுவை (Cross of Sacrifice) என்ற நினைவுச் சின்னத்தோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். 1914-1918 நினைவகம் தோட்டத்தின் பின்பகுதியில் இருக்கிறது. இந்தியாவின் பல கன்டோன்மென்ட் ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறையைத் தொடர்ந்து பராமரிக்க முடியாமல் போன 1,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. பெயர்களை முதலில் படைப்பிரிவு, பிறகு பதவி, அதற்குள் அகரவரிசை என்று அடுக்கியிருப்பார்கள். பிரிவு தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வெயிலில் வெகுநேரம் நிற்க வேண்டியதுதான்.

படி 6: படம் எடுப்பது, பூ வைப்பது

உச்சி வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது, படத்தில் எதுவும் படிக்க முடியாது. காலையோ மாலையோ, வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்கு, கூட வந்தவரை ஒரு ஓரமாக டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கவே கூடாது. தேய்த்தது நுண்துளைகளில் தங்கிவிடும், கழுவப்போனால் கல்லும் தேயும். விளக்கெண்ணெய், மெழுகு, குங்குமம் எல்லாமே கறை பிடிக்கும். உதிரிப்பூவோ சின்ன மாலையோ கல்லின் அடியில் வையுங்கள், பாலித்தீன் உறையைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.