நினைவுப் புலமைப்பரிசில்: விண்ணப்பத்தில் விடும் பிழைகள்

வன்னியிலிருந்து பொறியியற்பீடத்துக்குப் போகும் பிள்ளைகள் நினைவுப் புலமைப்பரிசில் கேட்டு எழுதும் கடிதங்கள் பல 2009 இறுதிப் போரில்தான் தொடங்குகின்றன. பதுங்குகுழி, மனிக் பாம் முகாம், தறப்பாள் கொட்டில். எல்லாம் உண்மைதான். ஆனால் விண்ணப்பிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே உண்மை இருக்கிறது. வாசிப்பவர் கண் கலங்குவார். யாருக்கு மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவராது. துயரத்தை விரித்து எழுதிவிட்டுக் கணக்கை எழுதாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

கணக்குக்கு அரைப் பக்கம் போதும். வீட்டிலிருந்து வருவது, மகாபொல உதவித்தொகை கிடைத்தால் அது, அறை வாடகை, சாப்பாடு, பஸ், கடைசியில் குறைவது எவ்வளவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. அதனால் 'வீட்டுக்குப் பக்கத்தில்தானே, என்ன செலவு' என்று விண்ணப்பங்களை வாசிக்கும், வெளிநாட்டில் இருக்கும் நிதியக் குழு நினைக்கலாம். ஒட்டுசுட்டானிலிருந்தோ மடுவிலிருந்தோ தினமும் வந்துபோவது லேசில்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் கிடைத்தவர்களின் கணக்கு வேறு. மடிக்கணினியையும், தொழிற்பயிற்சிக்குக் கொழும்பில் தங்கவேண்டி வந்தால் அந்த மாதங்களின் வாடகையையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வருமானச் சான்றிதழ். கமம் செய்யும் வீட்டுக்கு 'மாத வருமானம்' என்று ஒன்று கிடையாது. மாரிமழையோடு செய்யும் பெரும்போக நெல் அறுவடையோடு ஒருமுறை காசு வரும். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம், கோடையில் செய்யும் சிறுபோகம் ஒரு பகுதிக் காணிக்குத்தான். அறுவடை மாதக் காசை அப்படியே மாத வருமானமாகச் சொன்னால் கடதாசியில் நீங்கள் பணக்காரர். வருட வரவில் உழவு, விதைநெல், பசளை, மருந்து, வெட்டுக்கூலி கழித்துப் பன்னிரண்டால் பிரித்து, அந்தக் கணக்கோடு கிராம அலுவலரிடம் போங்கள். கடற்தொழில் வீடென்றால் மாரியில் வள்ளம் இறக்க முடியாத மாதங்களையும் சேர்க்க வேண்டும். பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் கேட்பார்கள் என்பதால் கடைசித் திகதிக்கு முதல்நாள் ஓடுவது வேலைக்காகாது.

குறைத்துக் காட்டுவதும் பிழைதான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் காசு அனுப்பினால் எழுதுங்கள். அந்தக் காசு கடன் வட்டிக்கே போகிறது என்றால் அதையும் எழுதுங்கள். நகை அடகு வைத்த துண்டு இருந்தால் அதன் பிரதி ஒரு பக்கக் கதையைவிடப் பலமானது. மகாபொல எடுப்பவருக்கும் கொடுக்கும் நிதியங்கள் உண்டு, கொடுக்காதவையும் உண்டு. மறைத்துப் பெற்றுப் பிறகு பிடிபட்டால், அடுத்த வருடம் உங்கள் பாடசாலையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

தந்தை காணாமற்போன வீடுகளில் படிவத்தின் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். மரணச் சான்றிதழ் எடுக்காமல் 'காலமானார்' என்று எழுதினால் அதற்கு அத்தாட்சி கேட்பார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அம்மா இரண்டையும் எடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால் அவரை இதற்காக நெருக்கத் தேவையில்லை. 'காணாமற்போனவர்' என்றே எழுதி, முறைப்பாடு கொடுத்த துண்டின் பிரதியை இணையுங்கள்.

பெயர் விடயம் சிறியது, ஆனால் காசை நிறுத்திவிடும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, வங்கிப் புத்தகம் நான்கிலும் முதலெழுத்தும் எழுத்துக்கூட்டலும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

நினைவுப் புலமைப்பரிசில் என்பதையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் ஒரு குடும்பமோ கூடப் படித்தவர்களோ தங்கள் சம்பளத்திலிருந்து சேர்க்கும் காசு அது. யாருடைய நினைவாக, அவர் எந்தத் துறை, எங்கே படித்தார் என்று தெரியாமல் அனுப்பும் கடிதம் எல்லா நிதியத்துக்கும் போன பிரதி என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சீனியரின் கடிதத்தைப் பார்த்தெழுதுவதும் அப்படித்தான். அதே குழுதான் போன வருடம் அவருடையதையும் வாசித்தது. அதற்காக இறந்தவரைப் புகழ்ந்து பத்தி பத்தியாக எழுதவும் வேண்டாம். அவரைத் தெரிந்தவர்கள்தான் வாசிக்கிறார்கள்.

கிடைத்த பிறகு விடும் பிழை ஒன்றுண்டு: ஒரு செமஸ்டரில் பாடம் விழுந்ததும் தொடர்பை அறுத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் முதல்முறையாகப் படிக்கும் பிள்ளைக்கு முதலாம் வருடத்தில் கணிதமோ வேறு பாடமோ விழுவது புதினமில்லை, கொடுப்பவர்களுக்கும் அது தெரியும். பெறுபேறு வந்த வாரமே எந்தப் பாடம், ஏன், எப்போது திரும்ப எழுதப் போகிறீர்கள் என்று மூன்று வரி அனுப்பினால் பலர் பொறுப்பார்கள். பதிலே வராத பிள்ளைக்குத்தான் காசு நிற்கும்.

அனுப்பிய படிவத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது போன வருட வருமானத்துக்கும் இந்த வருடத்ததற்கும் வித்தியாசம் இருந்தால் காரணம் கேட்பார்கள்.