கடற்கரைக் கூடாரத் தளம்: சீசனுக்கு முன் விடும் தவறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடா தொடங்கி பாணமை வரை, கடலோரத் தென்னங்காணியில் நாலைந்து கூடாரம் அடித்து விருந்தாளிகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாசியும் பங்குனியும் ஓய்வில்லாத மாதங்கள். வாடை மழை ஓய்ந்த கையோடு சித்திரைப் புதுவருட விடுமுறை வந்து நிற்கும். அதன்பின் ஐப்பசி பிறக்கும்வரை ஓட்டம்தான். அறுகம்குடாப் பக்கம் அலைச்சறுக்குக்காரர் கூட்டமும் சேரும். இந்த அவசரத்தில் விடும் தவறுகளில் பெரியவை, வேலையைச் செய்யாமல் விட்டதால் வருபவை அல்ல. அளவுக்கு மிஞ்சித் துப்புரவு செய்வதால் வருபவை.

முதல் பலி அடம்பன் கொடி. மழைக்குப் பிறகு அது கரை முழுக்கப் படர்ந்து கிடக்கும். "வெள்ளைக்காரனுக்கு வெறும் மணல்தான் பிடிக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேரோடு பிடுங்குவார்கள். கையில் காசு இருந்தால் ஜேசிபி பிடித்து மணல்மேட்டையும் தட்டையாக்குவார்கள், கூடாரத்தில் படுத்தபடி கடல் தெரிய வேண்டுமாம். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்க வைப்பதும் நாங்கள்தான். அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அது போனால் பின்னேரக் கடற்காற்றில் மணல் சோற்றுக்குள் விழும். அடுத்த வாடையில் அலை காணிக்குள் ஏறும். 2004 சுனாமியில், கடல் தெரிவதற்காக முன்னிருந்த மணல்மேட்டை அகற்றியிருந்த யால விடுதி ஒன்று முற்றாக அழிந்தது. மேடு அப்படியே நின்ற இடங்களில் சேதம் குறைவு. கடலுக்கு இறங்க ஒற்றையடிப் பாதை ஒன்று போதும், அதையும் நேராக வெட்டாமல் வளைத்து விடுங்கள். இன்னொன்று: உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். மண்ணைச் சமப்படுத்தவோ சீமெந்துத் தளம் போடவோ நினைத்தால், முதலில் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேளுங்கள். பிரதேச சபையின் வியாபார அனுமதி இதற்குப் போதாது.

இரண்டாவது பலி கிணறு. வருசத்துக்கு ஒருமுறை மோட்டரை இறக்கி, அடி காணும்வரை இறைத்தால்தான் பலருக்கு நிம்மதி. ஊருக்குள் இருக்கும் கிணற்றுக்கு அது சரி. கடலோர மணலில் நல்ல தண்ணீர், கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் மேல்படை வற்றும், கீழேயிருந்து உப்பு ஏறும். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் உவர்த்துப்போன கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை; சில இன்னும் மோசமாகின. அவற்றை ஆற்றியது மழைதான். ஆகவே வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஓலை, சருகை எடுத்து, உட்சுவரைத் தேய்த்து, குளோரின் போட்டு இரவு முழுக்க விடுங்கள். சீசனிலும் பெரிய மோட்டர் வேண்டாம். சின்ன மோட்டரால் இடைவெளி விட்டுத் தாங்கியை நிரப்பினால் ஆவணியிலும் தண்ணீர் தித்திக்கும்.

குழாய்ச் செலவை மிச்சம் பிடிக்கப் புதிய மலசலகூடத்தைக் கிணற்றருகே கட்டுவதும் அடிக்கடி காணும் வேலை. மணல் அழுக்கை வடிகட்டும் என்று நம்புகிறார்கள். ஆனால் தண்ணீர் மணலுக்குள் வேகமாக ஓடும், கிருமியும் கூடவே வரும். 30 மீற்றராவது தள்ளிப் போடுங்கள். தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது என்பதை வைத்து விருந்தாளிக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். தண்ணீரைப் பரிசோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குறைவாகச் செய்யும் வேலைகளும் உண்டு, மின்சாரம் அதில் முதலாவது. மாதக்கணக்கில் உப்புக்காற்றுப் பட்ட பிளக் பொயின்ட்டுக்குள் பச்சையாகப் பூத்திருக்கும். வெளியே பெயின்ட் அடித்தால் தெரியாது, அவ்வளவுதான். மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அது 30 மில்லி அம்பியர் அளவாக இருக்கட்டும். 100 என்று போட்டிருப்பது நெருப்புப் பிடிக்காமல் காக்கலாம், ஈரக்காலோடு சுவிட்ச்சைத் தொடும் ஆளைக் காப்பாற்றாது.

கூடாரத்தைத் தென்னைக்குக் கீழே அடிக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நிழலுக்காக அடிக்கிறார்கள். தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்காமல் ஒருவரையும் அங்கே படுக்க வைக்கக் கூடாது. கயிறு கட்டும்போது கடற்காற்றை மட்டும் நினைக்கிறோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அடிக்கும்போது கூடாரம் பின்னாலிருந்து கிளம்பும். இரண்டு பக்கமும் கட்டுங்கள். மணலில் முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து அதில் கட்டினால் நிற்கும்.

வாளி, சிரட்டை, டயர் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் மட்டும் டெங்கு போகாது. நுளம்பு முட்டை காய்ந்த விளிம்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

பொத்துவில், பாணமைப் பக்கத்தில் இருப்பவர்கள் அரிசியையும் பழத்தையும் கூடாரத்துக்குள் வைக்க விடாதீர்கள், யானை வாசத்துக்கு வரும். அதே கரையில் ஆமை முட்டையிட ஏறுகிறது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும், ஆகவே கடலைப் பார்த்து மாட்டிய அலங்கார விளக்குகளை இரவில் அணைத்து விடுங்கள்.

குளிக்கும் இடத்தைப் போன வருசத்து ஞாபகத்தில் காட்டக் கூடாது. வாடையில் முகத்துவாரம் உடைத்து ஓடியிருக்கும், மணல்திட்டு இடம் மாறியிருக்கும், இழுவையும் மாறியிருக்கும். எங்கே ஆழம் என்று கரைவலைக்காரரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போதே அவர்களின் பாடு, அதாவது வலை இழுக்கும் எல்லை, எதுவரை என்றும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசி முடியுங்கள். வலை இழுக்கும் இடத்தில் கூடாரம் அடித்துவிட்டு, விடியற்காலையில் விருந்தாளிகளின் முன்னால் சண்டை பிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

குடும்பத் தொழிலில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத தவறு கூலி. மருமகன் இரவுக்காவல் இருப்பான், மச்சாள் நாற்பது பேருக்குச் சமைப்பாள், "நம்மட ஆக்கள்தானே" என்று ஒரு தொகையும் பேசுவதில்லை. ஆடிக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அப்புறம் சமையலுக்கு ஆள் தேடி ஓட வேண்டியதுதான். நாட்கூலியைப் பங்குனியிலேயே பேசி ஒரு கொப்பியில் எழுதுங்கள். மீனுக்கும் கேஸுக்கும் போன காசையும் அதே கொப்பியில் எழுதுங்கள், உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்ததையும் சேர்த்து.