இணை சேர மறுக்கும் முயலை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

முயல் என்றாலே குட்டி போட்டுத் தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசை ஆசையாக ஒரு ஜோடியை வளர்த்து, நாள் பார்த்து ஒன்றாக விட்டால், பெண் முயல் மூலையில் போய் ஒண்டிக்கொண்டு வாலை இறுக்கி அழுத்திக்கொள்ளும். ஆண் கிட்டே வந்தால் உறுமும், முன்காலால் அறையும், சில சமயம் கடித்தே விடும். 'இது சரிப்படாது' என்று கைவிடுவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் முயலிடம் இல்லை, நாம் சேர்த்துவிட்ட நேரத்திலோ இடத்திலோதான் இருக்கும்.

முதலில் ஜோடி உண்மையிலேயே ஜோடியா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு பெண் முயல்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் குட்டிக்காகக் காத்திருந்தவன் நான். ஒன்றின் மேல் ஒன்று ஏறியதைப் பார்த்து, ஏறியதை ஆண் என்று முடிவு கட்டிவிட்டேன். பெண் முயல்களும் அதிகாரம் காட்ட ஏறும் என்பது அப்போது தெரியாது. பிறப்புறுப்பை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்: ஆணுக்கு உருண்டையான சின்னக் குழாய் போல வெளியே வரும், பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவு போலத் தெரியும். வளர்ந்த ஆணுக்கு இரண்டு பக்கமும் நீளமான விதைப்பைகள் இருக்க வேண்டும். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

வயது. சின்ன இனங்கள் ஐந்து மாதத்தில், நடுத்தர இனங்கள் ஆறு மாதத்தில், பெரிய இனங்கள் எட்டு ஒன்பது மாதத்தில் தயாராகும். ஆணுக்கு அதைவிட ஒரு மாதம் கூடவே கொடுங்கள். அதற்காக ஒன்றரை இரண்டு வயது வரை ஒரு முறைகூடச் சேர்க்காமல் விட்டால் பெண்ணுக்கு உள்ளே கொழுப்பு சேர்ந்துவிடும், அதன் பிறகு சினை பிடிப்பது கடினம்.

கொழுப்பு என்றதும் சொல்கிறேன், மறுக்கும் முயல்களில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுங்கள். எலும்பு முட்டு முட்டாக, ஆனால் கூர்மையில்லாமல் தட்டுப்பட்டால் சரி. எதுவுமே தட்டுப்படாமல் மெத்தை போல இருந்தால் அதிகம் தின்று கொழுத்திருக்கிறது. பெண் முயலுக்குக் கழுத்துக்குக் கீழே தொங்கும் சதை இயல்பு, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெல்லட் தீவனத்தைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உலர்புல்லை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் தின்ன விடுங்கள். ஒரேயடியாகப் பட்டினி போட்டால் குடல் இயக்கம் நின்று முயலே போய்விடும். மெலிந்த முயலுக்கு இதற்கு நேர்மாறாக, சேர்ப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்து தீவனத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். பகல் குறுகும் பருவத்தில் பெண் முயலுக்கு ஆர்வம் அடங்கிவிடும். சூரிய வெளிச்சமும் ஒரு விளக்குமாகச் சேர்த்து நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் கிடைக்கும்படி செய்தால், இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். ஆணுக்குப் பிரச்சினை வெயில். 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து தவித்தால் விந்து கெட்டுவிடும், புதிதாக ஊறி வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். இந்த இடைப்பட்ட காலத்தில் அது ஏறும், இறங்கும், எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் இருக்கும், குட்டி மட்டும் வராது. பழியைப் பெண் முயல் வாங்கிக்கொள்ளும். முடி உதிர்க்கும் நேரத்தில் இரண்டுமே மந்தமாக இருக்கும், விட்டுப்பிடியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், பெண்ணின் பிறப்புறுப்பின் நிறம். மாடு ஆடு போல முயலுக்குக் குறிப்பிட்ட நாளில் கருமுட்டை வெளியாவதில்லை. இணை சேர்ந்தால்தான் அந்தத் தூண்டுதலில், சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து முட்டை வெளிவரும். அதனால் எந்த நாளும் சேர்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெண் சம்மதிக்கும் நாட்களும் மறுக்கும் நாட்களும் மாறி மாறி வரும். தூக்கிப் புரட்டிப் பாருங்கள். பிறப்புறுப்பு வெளிறி, வறண்டு இருந்தால் அன்று கொண்டுபோவது வீண். நல்ல சிவப்பாக, ஈரப்பசையோடு, கொஞ்சம் உப்பலாக இருந்தால் அன்றே சேருங்கள். கருநீலமாக மாறிவிட்டால் நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது. வெளிறி இருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். அப்படிப் பார்க்கும்போதே புண், பொருக்கு இருக்கிறதா என்றும் கவனியுங்கள், இருந்தால் ஆண், பெண் இரண்டையும் மருத்துவரிடம் காட்டிக் குணமாகும் வரை சேர்க்கவே கூடாது.

சேர்க்கும்போது எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கச் சண்டைக்குப் போகும், ஆணோ புது இடத்தை மோந்து பார்த்து, தாடையைத் தேய்த்து, வந்த வேலையை மறந்துவிடும். தண்ணீர்க் கிண்ணம், தீவனத் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, வழுக்காத தரையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பக்கத்திலேயே நில்லுங்கள். விட்டுவிட்டுப் போனால் ஆணின் விதையையே பெண் கடித்துக் குதறிவிடலாம்.

சம்மதித்த பெண் கொஞ்சம் ஓடிவிட்டு நிற்கும், உடம்பை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கும். அதன் பிறகு சில நொடிகள்தான். ஆண் விறைத்து, ஒரு முனகலோ கீச்சென்ற சத்தமோ போட்டு, பக்கவாட்டில் தொப்பென்று விழும். முதல்முறை பார்க்கிறவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறுவார்கள்! அந்த விழுதல்தான் வேலை முடிந்ததற்கு அடையாளம். விழவில்லை என்றால் கணக்கில் எடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஆகியும் ஓட்டமும் உறுமலுமாகவே இருந்தால் பெண்ணை எடுத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

பெண் அப்படியும் மசியவில்லை என்றால் கூண்டை மாற்றிப் போடுங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டிலும் பெண்ணை ஆணின் கூண்டிலும் ஓர் இரவு விட்டு, ஒன்றின் வாடையில் மற்றது இருந்த பிறகு, காலையில் ஆணை அதன் கூண்டுக்கே கொண்டுவந்து பெண்ணோடு விட்டால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். காரில் ஒரு சுற்று கூட்டிப்போனால் சரியாகும் என்றுகூடச் சொல்கிறவர்கள் உண்டு, நான் செய்து பார்த்ததில்லை. கடைசி வழி கையால் உதவுவது: ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்து, மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துப் பின்புறத்தை லேசாகத் தூக்குங்கள். நிறம் சரியாக இருந்து, பயத்தால் மட்டும் படுத்துக்கொள்கிற முயலுக்குத்தான் இது. வெளிறிய முயலைப் பிடித்து வைத்துக் கட்டாயப்படுத்தாதீர்கள். அனுபவமில்லாத இரண்டைச் சேர்ப்பதைவிட, புதுப் பெண்ணுக்குப் பழகிய ஆணைக் கொடுப்பது எல்லாத் தந்திரத்தையும்விட மேல்.

ஆண் விழுந்துவிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு முறை சேருங்கள், முட்டை வெளிவரும் நேரத்தில் புது விந்து இருக்கும். அதற்குப் பிறகு 'எதற்கும் இருக்கட்டும்' என்று நாலு நாள் கழித்து மறுபடி கொண்டுபோக வேண்டாம். பன்னிரண்டாம் நாள் வாக்கில் அடிவயிற்றை மென்மையாகத் தடவினால் திராட்சை அளவில் வழுக்கும் உருண்டைகள் தட்டுப்படும். கெட்டியாக, சின்னதாக இருப்பது புழுக்கை. 16 முதல் 18 நாளிலேயே முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினால் அநேகமாக அது பொய்ச்சினை, அதாவது வயிற்றில் குட்டி இல்லாமலே சினை போல நடந்துகொள்வது. அது முடிந்த கையோடு பெண் நன்றாகச் சம்மதிக்கும் என்பதால், சோர்ந்துபோகாமல் அன்றே நிறத்தைப் பாருங்கள். உண்மையான சினை என்றால் 28-ஆம் நாள் கூடுப்பெட்டியை வையுங்கள், 31-ஆம் நாளை ஒட்டிக் குட்டி வந்துவிடும். 33 தாண்டியும் வரவில்லை, வயிறும் பெரிதாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நிறம் பார்த்து, ஏற்கெனவே குட்டி தந்த ஆணோடு மூன்று தடவை சேர்த்தும் சினை நிற்காத பெண்ணை நான் அதற்கு மேல் படுத்துவதில்லை, செல்ல முயலாக வீட்டிலேயே வைத்துக்கொள்வேன்.