கலிஃபோர்னியாவில் வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயரைச் சேர்ப்பது எப்படி?

கல்யாணத்துக்கு முன்பே வீடு வாங்கிவிட்டீர்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இப்போது மனைவி பெயரையும் சேர்க்க வேண்டும். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை, பொறுமையாக உட்கார்ந்தால் நாமே செய்துவிடலாம். விவாகரத்து, சொத்துத் தகராறு, டிரஸ்ட் என்று ஏதாவது குறுக்கே இருந்தால் மட்டும் கண்டிப்பாக வக்கீலைப் பாருங்கள்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். நம் ஊரில் சார்பதிவாளர் முன்னால் நேரில் நின்று, சாட்சிகளோடு கையெழுத்துப் போடுகிறோம். இங்கே கவுன்ட்டி ரெக்கார்டர், அதாவது நம் மாவட்டம் போன்ற கவுன்ட்டியின் பதிவு அதிகாரி, உங்கள் முகத்தையே பார்ப்பதில்லை. தாளின் அமைப்பு, நோட்டரி, கட்டணம் மூன்றும் சரியாக இருந்தால் பதிந்துவிடுவார்கள். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தவறான பத்திரமும் பதிவாகிவிடும். அதனால் கவனம் எல்லாம் கொடுப்பதற்கு முன்னால்தான்.

படி 1: பழைய பத்திரத்தை எடுங்கள்

வீடு வாங்கியபோது பதிவான பத்திரத்தின் நகலைத் தேடி எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ரெக்கார்டர் அலுவலகத்தில் வாங்கலாம். பார்சல் எண் (வரிக்காக அந்தச் சொத்துக்குக் கொடுத்திருக்கும் எண்), சொத்து விவரம், அதில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்ற மூன்றும் வேண்டும்.

சொத்து விவரம் என்றால் வீட்டு முகவரி இல்லை. ‘இந்த ட்ராக்ட், இந்த லாட், வரைபடப் புத்தகம் இத்தனை, பக்கம் இத்தனை’ என்று வரும் பத்தி அது. அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். தட்டச்சு செய்தால் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் அதிகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் வரும், கிரீன் கார்டில் இடைவெளி மாறியிருக்கும். இங்கே பதிவுகளைத் தேடுவது பெரும்பாலும் கொடுத்தவர், பெற்றவர் பெயர்களை வைத்துத்தான். வாங்கும்போது ‘செந்தில் குமார் முருகேசன்’ என்று பதிந்துவிட்டு, இப்போது ‘செந்தில்குமார் எம்.’ என்று கொடுத்தால், வீடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுந்துபோகும். பின்னால் வீட்டை விற்கும்போது, உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும். பழைய பத்திரத்தில் இருந்தபடியே எழுதுங்கள். பெயர் மாறியிருந்தால், முன்பு எந்தப் பெயரில் வாங்கினீர்கள் என்பதையும் அதே வரியில் சேருங்கள்.

படி 2: எந்தப் பத்திரம்?

கிராண்ட் டீட் என்ற உரிமை மாற்றப் பத்திரம் போதும். ‘இதற்கு முன் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, என் பக்கத்தில் வில்லங்கம் எதுவும் ஏற்படுத்தவில்லை’ என்ற உறுதி அதற்குள் சட்டப்படியே அடங்கியிருக்கிறது. தனக்கு இருக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கும் குயிட்கிளெய்ம் டீடில் அந்த உறுதி கிடையாது. மலிவு, சுலபம் என்று யாராவது சொன்னாலும் அதற்குப் போகாதீர்கள்.

இருவர் பெயரிலும் எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் எழுத வேண்டும். தம்பதியருக்குக் ‘கம்யூனிட்டி ப்ராபர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப்’ என்ற வகை உண்டு. ஒருவர் காலமானால் ப்ரோபேட் என்ற நீதிமன்ற நடைமுறை இல்லாமலே வீடு மற்றவருக்குப் போகும். வருமான வரியிலும் அனுகூலம் உண்டு. என் தேர்வு அதுதான்.

படி 3: தாளை அமைப்பது

எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாள். முதல் பக்கத்தின் மேல் இரண்டரை அங்குலத்தில் இடது பக்கம் பதிவு கேட்பவர் பெயர், திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி. வலது பக்கம் ஐந்து அங்குலத்தைக் காலியாக விடுங்கள், அது ரெக்கார்டரின் முத்திரைக்கான இடம். அதில் ஒரு புள்ளிகூட விழக் கூடாது.

சொத்து கைமாற்று வரி ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர். பணம் வாங்காமல் அன்பளிப்பாகக் கொடுப்பதால் உங்களுக்கு அது பூஜ்யம். ஆனால் ஏன் பூஜ்யம் என்ற காரணத்தைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

படி 4: நோட்டரி

கொடுப்பவர் மட்டும் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, தன் பதிவேட்டில் வலது கைப் பெருவிரல் ரேகை வாங்குவார். முத்திரை தெளிவாக, எழுத்துகளின் மேல் படாமல் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். என் பத்திரத்தில் முத்திரை பாதி கையெழுத்தின் மேல் விழுந்திருந்தது. நான் கவனிக்காமல் தபாலில் போட்டுவிட்டேன். திரும்பி வந்து, மறுபடி நோட்டரியிடம் போய், மூன்று வாரம் வீணாகிவிட்டது.

கொடுப்பவர் ஊருக்குப் போயிருந்தால் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இந்த நோட்டரி சான்றைப் பெறலாம்.

படி 5: உடன் வைக்க வேண்டியவை

உரிமை மாற்றம் பற்றிய முன்னறிக்கைப் படிவம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாகப் பி-கார் என்பார்கள். அதை வைக்காவிட்டால் 20 டாலர் கூடுதல் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம் சொத்து வரி. 1978-இல் வந்த ப்ரொபோசிஷன் 13-இன்படி வரி மதிப்பு பொதுவாக ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் வீடு கைமாறினால் அன்றைய சந்தை விலைக்கு மறுமதிப்பீடு செய்வார்கள். கணவன் மனைவிக்குள் நடக்கும் மாற்றத்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்தக் கேள்வி படிவத்தில் தொடக்கத்திலேயே வரும், அதில் ‘ஆம்’ என்று குறியுங்கள்.

பதிவுக் கட்டணத்தோடு 75 டாலர் வீட்டுவசதிக் கட்டணமும் கேட்பார்கள். அந்த வீட்டில் நீங்களே குடியிருந்தால் விலக்கு கோரலாம். அதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டுக் கடன் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த வீட்டில் குடியிருக்கும் மனைவி பெயரைச் சேர்ப்பதற்காக வங்கி முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்ல முடியாது. 1982-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே அதைத் தடுக்கிறது. ஆனால் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும், பத்திரத்தில் சேர்ந்ததால் மனைவி கடன்காரர் ஆகிவிட மாட்டார்.

படி 6: கொடுப்பது, அப்புறம்

நேரில் போங்கள் என்பேன். சின்னப் பிழை என்றால் கவுன்ட்டரிலேயே சொல்லிவிடுவார்கள். பதிவானதும் வலது மூலையில் ஆவண எண்ணும் தேதியும் விழும். அசல் பிறகு தபாலில் வரும். வந்ததும் வீட்டுக் காப்பீட்டிலும் மனைவி பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

கொஞ்ச நாளில், அரசாங்கக் கடிதம் போலவே அச்சிட்ட உறையில், ‘உங்கள் பத்திரத்தின் நகலுக்கு இவ்வளவு டாலர் அனுப்புங்கள்’ என்று கடிதம் வரலாம். பதிவுகள் பொது ஆவணம் என்பதால் யார் வேண்டுமானாலும் முகவரியை எடுத்து இப்படி அனுப்ப முடியும். பணம் அனுப்பாதீர்கள். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் ரெக்கார்டர் அலுவலகத்திலேயே சில டாலருக்குக் கிடைக்கும்.